இருபது மில்லிமீட்டர் சங்கதி

தென்னேரி ஏரித் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே வரிசை கட்டி நிற்கும் கரண்ட் கம்பங்களை யாரும் ஊரின் வரலாற்றில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேறு சங்கதிகள் நிறைய உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளோடு கந்தளீசுவரர் கோயில் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்றான அந்த ஏரியே தனிக் கதை. ஆனாலும் கடந்த நூற்றாண்டின் கட்டுமானப் பொறியியலில் நிகழ்ந்த மிகப் பெரிய மாற்றம் இந்தப் பக்கத்து விவசாயியின் வரப்புக்கு வந்து சேர்ந்தது அந்தக் கம்பத்தின் உருவத்தில்தான்.

மின்வாரியத்தில் அதை ‘பி.எஸ்.சி. போல்’, அதாவது முன்னழுத்தக் கான்கிரீட் கம்பம், என்பார்கள். பார்வைக்குச் சாதாரணக் கான்கிரீட் கம்பம். உள்ளே இருக்கும் எச்.டி. வயர், அதாவது உயர் இழுவலிமைக் கம்பி, பென்சில் பருமன்கூட இருக்காது. விட்டம் 4 மி.மீ. அளவில்தான். கான்கிரீட் போடுவதற்கு முன்பே அந்தக் கம்பிகளை ஜாக்கி வைத்து விறைப்பாக இழுத்துவிடுகிறார்கள். கான்கிரீட் இறுகியதும் இரண்டு முனையிலும் வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய முனையில் நட்டு கிடையாது, ஆப்பு கிடையாது, தகடு கிடையாது. சுருங்கப் பார்க்கும் கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட்டின் பிடிப்பு மட்டுமே நிறுத்தி வைத்திருக்கிறது. கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே உள்ள அந்தக் கான்கிரீட் போர்வைக்குத் தொழிலில் ‘கவர்’ என்று பெயர். முன்கூட்டி இழுக்கும் முறைக்கு இந்தியத் தரநிலை நெடுங்காலம் கேட்டுவந்த குறைந்தபட்சக் கவர் 20 மி.மீ. இந்த 20 மி.மீ. எப்படி வந்தது, எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பதைப் பொறியாளர்கள் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் தவணை முறையில் கற்றார்கள். அதில் சில தவணைகள் நம் பாலாற்றங்கரையிலும் பாம்பனிலும் கட்டப்பட்டன.

கான்கிரீட்டை அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விரிந்துவிடும். இழுவைக்கு அதன் பலம் அழுத்தத்துக்கு உள்ளதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். பீமின் மேல் சுமை ஏறினால் அடிப்பக்கம் இழுபடும், விரிசல் விடும். சுமை வருவதற்கு முன்பே அடிப்பக்கத்தை அழுத்தி வைத்துவிட்டால், சுமை கொடுக்கும் இழுவை அந்த அழுத்தத்தைக் கழிப்பதிலேயே தீர்ந்துவிடும். விரிசலுக்கு வேலை இல்லை. முன்னழுத்தக் கான்கிரீட்டின் தத்துவம் இவ்வளவே.

இந்த யோசனை 19ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த பி. எச். ஜாக்சன் 1880களில் காப்புரிமை வாங்கினார். 1888-ல் ஜெர்மனியின் டோரிங், கம்பியை இழுத்து வைத்துக் கான்கிரீட் போடும் முறைக்கே காப்புரிமை பெற்றார். இரண்டு பேருக்கும் பலன் நிலைக்கவில்லை. அன்றைய சாதாரண இரும்புக் கம்பியைப் பத்திரமாக எவ்வளவு இழுக்கலாமோ அவ்வளவு இழுத்தாலும் மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் நீளும். கான்கிரீட் காய்ந்து சுருங்குவதும், அழுத்தத்தில் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறுகுவதும் சேர்ந்து கிட்டத்தட்ட அதே அரை மில்லிமீட்டர். ஒரு வருஷம் போனால் போட்ட விறைப்பெல்லாம் காணாமல் போய்விடும்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் பிரான்சின் எழேன் ஃபிரேசினே. 1911 வாக்கில் அலியே ஆற்றின் மேல் அவர் கட்டிய வெர்துர் பாலத்தின் வளைவுகள், பாலம் திறந்த சில மாதங்களில் நடுவே தொய்யத் தொடங்கின. ஜாக்கி வைத்து அவற்றைத் தூக்கி நிறுத்திய அனுபவத்தில், சுமையின் கீழ் கான்கிரீட் நாள்பட்டுக் குறுகும் என்பது அவருக்கு உறைத்தது. மருந்து, அதைவிடப் பல மடங்கு நீளக்கூடிய கம்பி. உயர் இழுவலிமைக் கம்பி மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டருக்கு மேலேயே நீளும். அதில் ஒன்று போனாலும் நான்கு மிச்சம். 1928 அக்டோபர் 2 அன்று அவரும் ழான் செயாயும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள்.

அந்தக் காப்புரிமையை வைத்து ஃபிரேசினே முதலில் பாலம் கட்டப் போகவில்லை. மோன்தார்ஜி என்ற ஊரில் பட்டறை போட்டு, மின்கம்பம் வார்த்தார். மெல்லிய சுவர் கொண்ட, உள்ளே கூடான கம்பங்கள். தொழில்நுட்பம் வென்றது, உலகப் பொருளாதார மந்தத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. 1930களின் நடுவில் லே ஹாவ்ர் துறைமுகத்தின் கடல் முனையக் கட்டடம் மண்ணில் இறங்கிக்கொண்டே போக, அதை அவர் முன்னழுத்த முறையால் காப்பாற்றிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. ஆக, இந்த முறையில் தொழிற்சாலை அளவில் செய்யப்பட்ட முதல் பொருள் மின்கம்பம். தென்னேரி வரப்பில் நிற்பது அதே வம்சம்.

நட்டு, ஆப்பு எதுவும் இல்லாமல் பிடிப்பை மட்டும் நம்பலாம் என்று துணிந்தவர் ஜெர்மானியர் எவால்ட் ஹோயர். 1938-ஐ ஒட்டி அவர் பியானோவுக்குப் போடும் ரகத்து மெல்லிய எஃகுக் கம்பிகளை எடுத்துக்கொண்டு, நீண்ட படுகையில் இரு முனைக்கும் இடையே இழுத்துக் கட்டினார். காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் காலை வேளையில் பாவை நீளவாக்கில் விரித்து, ஒவ்வொரு இழையும் ஒரே விறைப்பில் நிற்கும்படி இழுத்துக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படுகை புதிதாகத் தெரியாது. வரிசையாக அச்சுகள், அவை எல்லாவற்றுக்கும் ஊடாக ஒரே கம்பிகள். எல்லாவற்றிலும் கான்கிரீட் போட்டு, இறுகியதும் அச்சுக்கும் அச்சுக்கும் நடுவே வெட்டினால் ஒரே இழுப்பில் பல கம்பங்கள், பல பீம்கள். இன்றைக்கும் கம்பமும் தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பரும் இந்த நீள்படுகை முறையில்தான் பெருமளவு தயாராகின்றன.

வெட்டும் நேரத்தில் நடப்பதை ஹோயர் கூர்ந்து பார்த்தார். எந்தக் கம்பியையும் இழுத்தால் அது நீள்வதோடு கொஞ்சம் மெலியும். வெட்டியவுடன் முனையில் விறைப்பு பூஜ்யமாகிறது. அங்கே கம்பி பழைய பருமனுக்குத் திரும்புகிறது. உள்ளே போகப் போக விறைப்பு இருப்பதால் மெலிந்தே நிற்கிறது. முனையில் பருத்து உள்ளே மெலிந்த இந்த வடிவம் தானே ஓர் ஆப்பாகி, உள்ளே வழுக்கிப் போக முடியாமல் சிக்கிக்கொள்கிறது. பாடப் புத்தகங்களில் இதற்கு ஹோயர் விளைவு என்றே பெயர். கம்பிக்கும் சிமென்டுக்கும் உள்ள ஒட்டுதல், உராய்வு, மேற்பரப்பின் மேடுபள்ளத்தில் கான்கிரீட் கவ்வுவது, இவற்றோடு இந்த ஆப்பும் சேர்ந்துதான் பிடிப்பு.

கவரின் கதை தொடங்குவதும் இந்த இடத்தில்தான். ஆப்பு பருத்தால் சுற்றியுள்ள கான்கிரீட்டை வெளியே தள்ளும். தள்ளினால் கான்கிரீட் வளையம் வளையமாக இழுபடும். இழுவையோ கான்கிரீட்டின் பலவீனம். சுற்றிலும் தாராளமாகக் கான்கிரீட் இருந்தால் தாங்கிக்கொண்டு கம்பியைத் திருப்பி அழுத்தும். ஒரு பக்கம் மெலிதாக இருந்தால் அந்தப் பக்கம் கம்பியின் நீளவாக்கிலேயே மயிரிழை போல விரியும். விரிந்துவிட்டால் அமுக்கிப் பிடிக்க ஆள் இல்லை; உராய்வு குறையும், கம்பி இன்னும் உள்ளே போகும், விறைப்பு முழுசாக ஏறுவதற்கான தூரம் நீண்டுகொண்டே போகும். துருவுக்குத் தடுப்பு என்று எல்லோரும் நினைக்கும் கவர், அதற்கு முன்பே, கம்பி வெட்டப்படும் முதல் நொடியிலேயே, பிடியை விடாமல் நிற்கும் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

இந்தியாவுக்கு முன்னழுத்த முறை சுதந்திரத்தோடு வந்தது என்று சொல்லலாம். எஃகுக்குத் தட்டுப்பாடான காலம். ஒரே சுமைக்குக் குறைந்த எஃகு போதும் என்றால் எந்த அரசாங்கம் வேண்டாம் என்னும்? 1948-ல் அசாம் ரயில் இணைப்புத் திட்டத்தில் முதல் முன்னழுத்தக் கான்கிரீட் பாலம் வந்தது. சாலைப் பாலங்களில் முதலாவது என்று பொறியியல் நூல்கள் குறிப்பிடுவது நமக்குப் பக்கத்தில்: செங்கல்பட்டு அருகே பாலாற்றின் மேல் 1954-ல் காமன் இந்தியா நிறுவனம் கட்டியது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 27 மீட்டர் நீளத்தில் 23 கண்கள். சாதாரணக் கம்பி கட்டிய கான்கிரீட் பீமில் அந்த நீளத்தைத் தாண்டப் பார்த்தால் பீமின் சொந்த எடையே பாதி பலத்தைத் தின்றுவிடும். வெள்ளம் வந்தால் கரைபுரண்டும், மற்ற நாட்களில் மணலாகவும் கிடக்கும் பாலாற்றில் தூண்களைக் குறைத்தது பெரிய சிக்கனம்.

பாலங்களின் நீண்ட கர்டர்களுக்குப் பொதுவாகக் கையாண்டது இன்னொரு முறை: கான்கிரீட்டில் குழாய் விட்டு வார்த்து, இறுகிய பிறகு குழாய்க்குள் கேபிளைக் கோத்து இழுத்து, முனையில் ஆப்பு அடித்துப் பூட்டுவது. அங்கே பிடிப்பு முதலில் ஆப்பின் பொறுப்பு. பிறகு குழாய்க்குள் பாய்ச்சும் சிமென்ட் கூழின் பொறுப்பு. முன்கூட்டி இழுக்கும் முறை கம்பத்துக்கும் சிறு பீமுக்கும் ஸ்லீப்பருக்கும் ஒதுங்கியது. எண்ணிக்கையில் பார்த்தால் வென்றதும் அதுவே.

1957 ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தது. கிணற்று பம்பு செட்டுகளுக்கு மின் இணைப்புக் கொடுப்பதில் மாநிலம் நாட்டிலேயே முன்வரிசையில் நின்ற காலம் அது. பனைமரமும் தேக்கும் இரும்புக் குழாயும் எவ்வளவு கிடைத்தாலும் போதாத நிலையில் கான்கிரீட் கம்பங்கள் வயலுக்குள் இறங்கின. வாரியமே கம்பம் வார்க்கும் முற்றங்களை நடத்தியது. கம்பம் வயலில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குப் புதையும். காற்று தள்ளும்போது அதிக வளைவு வருவது தரைமட்டத்தில். அந்த இடம் கம்பியின் வெட்டு முனையிலிருந்து ஒன்றரை மீட்டர் உள்ளே இருப்பதால், பிடிப்பு முழுசாக ஏறத் தூரம் தாராளம். 4 மி.மீ. கம்பிக்கு 20 மி.மீ. கவர் என்றால் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு. பிடிப்புக் கணக்கில் கம்பத்துக்குக் கவலை இல்லை.

ரயில்வே ஸ்லீப்பரில் அந்தச் சௌகரியம் கிடையாது. அரக்கோணம்–செங்கல்பட்டு மார்க்கத்தில் வாலாஜாபாத் நிலையத்தில் பிளாட்பாரத்தை ஒட்டிப் பழைய ஸ்லீப்பர் ஏதாவது கிடந்தால் அதன் தலைப்பக்கத்தைக் குனிந்து பார்க்கலாம். சாம்பல் நிற முகத்தில் மூன்று மூன்றாகச் சேர்ந்த துருப்பொட்டுகள் தெரியும். 3 மி.மீ. கம்பிகள் மூன்றை ஒன்றாக முறுக்கிய ஸ்ட்ராண்டின் வெட்டு முனைகள் அவை. ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. வகுத்த அகலப்பாதை ஸ்லீப்பரில் இப்படி 18 ஸ்ட்ராண்ட். ஸ்லீப்பர் நீளம் 2.75 மீட்டர், தண்டவாளம் உட்காரும் இடம் முனையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர். ரயிலின் சக்கரச் சுமை முழுவதும் இறங்கும் அந்த இடத்துக்குள் கம்பி தன் விறைப்பை எல்லாம் கான்கிரீட்டுக்கு ஒப்படைத்திருக்க வேண்டும்.

மூன்று மெல்லிய கம்பிகளை முறுக்கும் சிரமம் எதற்கு, 5 மி.மீ. தனிக் கம்பி போதாதா என்ற கேள்விக்குப் பதில் 1980-ஆம் வருட இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1343-ல் இருக்கிறது. வழுவழுப்பான கம்பிக்கு விறைப்பு முழுசாக ஏற வேண்டிய தூரம் அதன் விட்டத்தைப் போல 100 மடங்கு. நெளிவு வைத்த கம்பிக்கு 65 மடங்கு. ஸ்ட்ராண்டுக்கு 30 மடங்கு. 5 மி.மீ. வழுக்குக் கம்பி என்றால் அரை மீட்டர், அதாவது தண்டவாளத்தின் அடிக்கு வந்துதான் முழுப்பலம். ஏறத்தாழ 6.5 மி.மீ. பருமனுள்ள மூன்றிழை ஸ்ட்ராண்டுக்கு 20 செ.மீ. போதும். முறுக்கின் பள்ளங்களில் சிமென்ட் புகுந்து திருகாணிபோல் கவ்வுவதன் ஆதாயம் அது. அதே தரநிலை மூன்று நிபந்தனைகளும் விதித்தது: கான்கிரீட்டை நன்றாகக் குத்தி இறுக்கியிருக்க வேண்டும், விடும் நேரத்தில் அதன் வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 35 நியூட்டனுக்குக் குறையக் கூடாது, கம்பியைப் படிப்படியாகத் தளர்த்த வேண்டும். கேஸ் கட்டரை வைத்துப் படாரென்று அறுத்தால் அதிர்ச்சியில் முனைக்குப் பக்கத்துப் பிடி நழுவி, கணக்கிட்ட தூரம் கூடிவிடும்.

ஐ.எஸ். 1343 முதன்முதலில் வெளிவந்தது 1960-ல். 1980 பதிப்பில் கவர் விதி எளிமையானது: முன்கூட்டி இழுத்த கம்பிக்கு 20 மி.மீ.; பின்னர் இழுக்கும் கேபிளுக்கு 30 மி.மீ. அல்லது கேபிளின் பருமன், எது அதிகமோ அது. உப்புக்காற்று போன்ற கடுமையான சூழலில் 10 மி.மீ. கூடுதல். எண் ஒன்றே என்பதால் முற்றத்தில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் முன்கூட்டி இழுக்கும் முறைக்குச் சொன்ன அந்த 20-க்குக் கம்பியின் பருமனோடு எந்தத் தொடர்பும் இல்லை.

இதற்குள் கம்பி வளர்ந்துவிட்டது. நடுவில் ஒரு நேர்க்கம்பி, அதைச் சுற்றி ஆறு கம்பிகள் என்று முறுக்கிய ஏழிழை ஸ்ட்ராண்ட் அமெரிக்காவில் 1950களில் பரவியது. 12.7 மி.மீ. ஸ்ட்ராண்ட் ஒன்றை 14 டன் அளவுக்கு இழுத்துப் பூட்டலாம். போர்ட்லாந்து சிமென்ட் அசோசியேஷன் ஆய்வகத்தில் 1954-ல் ஜேனி முன்னழுத்தக் கம்பியின் பிடிப்பின் இயல்பை ஆராய்ந்தார். 1959-ல் ஹான்சன், கார் இருவரும் பீம்களை உடைத்துப் பார்த்து, பிடிப்பு எங்கே தொடங்கி எப்படி நகர்கிறது என்று காட்டினார்கள். அமெரிக்கத் தரநிலை விறைப்பு முழுசாக ஏறும் தூரத்தை விட்டத்தைப் போல 50 மடங்கு என்று எடுத்துக்கொண்டது. 12.7 மி.மீ. ஸ்ட்ராண்டுக்கு அவர்கள் கணக்கில் 635 மி.மீ.; இந்தியக் கணக்கில் 381 மி.மீ. ஒரே ஸ்ட்ராண்டுக்கு இரண்டு நாட்டுப் புத்தகத்தில் கால் மீட்டர் வித்தியாசம்.

எது சரி என்ற கேள்வி 1988-ல் அமெரிக்காவிலேயே வெடித்தது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கசின்ஸ், ஜான்ஸ்டன், ஜியா ஆகியோர் செய்த சோதனைகளில் அளந்த தூரம் தரநிலையைவிடக் கூடுதலாக வந்தது. அந்த வருஷம் அக்டோபரில் அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் 15.2 மி.மீ. ஸ்ட்ராண்டை முன்கூட்டி இழுக்கும் கர்டர்களில் பயன்படுத்தத் தடை போட்டது. மற்றவற்றுக்கு, முழுப்பலத்தையும் காட்டக் கம்பி புதைந்திருக்க வேண்டிய நங்கூர நீளத்தை 1.6 மடங்காக்கியது. தடை நீங்க எட்டு வருஷம் ஆனது. அதற்குள் ஆராய்ச்சிகள் குவிந்தன. அவற்றில் ஒன்று எல்லோருக்கும் சங்கடமானது: ஆலைக்கு ஆலை ஸ்ட்ராண்டின் பிடிப்பு வேறுபட்டது. கம்பியை இழுத்து மெலிக்கும்போது பூசும் மசகுப்பொருளின் மிச்சம் மேற்பரப்பில் தங்கியிருப்பது ஒரு முக்கியக் காரணம். வாங்கிய ஸ்ட்ராண்டைக் கான்கிரீட் கட்டியில் புதைத்து இழுத்துப் பார்த்த பிறகே ஏற்க வேண்டும் என்று 1990களின் கடைசியில் டொனால்ட் லோகன் வலியுறுத்தினார்.

ஐரோப்பாவில் கேள்வி கவர் பக்கமாகத் திரும்பியது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் டென் அய்ல், கவர் மெலிந்தால் ஸ்ட்ராண்டைச் சுற்றி எப்படிப் பிளவு வருகிறது என்பதையே ஆராய்ந்தார். 2004-ல் வந்த யூரோகோடு 2 கவரை இரண்டு கணக்காகப் பிரித்துவிட்டது. துருவுக்கான கவர் ஒன்று, பிடிப்புக்கான கவர் இன்னொன்று. எது அதிகமோ அதை வைக்க வேண்டும். பிடிப்புக்கு ஸ்ட்ராண்ட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, பள்ளம் பதித்த கம்பிக்கு இரண்டரை மடங்கு. 12.7 மி.மீ. ஸ்ட்ராண்டுக்கு இது 19 மி.மீ.; நம் பழைய 20 தப்பித்தது. 15.2 மி.மீ. ஸ்ட்ராண்டுக்கு ஏறத்தாழ 23 மி.மீ.; நம் 20 தோற்றது. 4 மி.மீ. கம்பிக்குத் தாராளமாக இருந்த அதே எண், ஸ்ட்ராண்ட் பருத்தவுடன் விளிம்புக்கு வந்துவிட்டது.

துருக் கணக்கோ நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது. மெல்லிய கம்பிக்கு அங்கேதான் ஆபத்து. 4 மி.மீ. கம்பியில் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் துரு தின்றால் மிஞ்சுவது 3 மி.மீ.; பரப்பில் 44 சதவீதம் போய்விட்டது. அதே அரை மில்லிமீட்டரைப் பில்லர் கம்பி பொருட்படுத்தாது. அதோடு, எப்போதும் விறைப்பில் நிற்கும் உயர்வலிமை எஃகில் சின்னக் குழி விழுந்தாலே அங்கிருந்து கீறல் ஓடி, முன்னறிவிப்பு இல்லாமல் அறுபடலாம். மாமல்லபுரம், கோவளம் பக்கம் கடற்கரைச் சாலையில் பழைய கம்பங்களின் மூலைகளில் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் ஓடும் வெடிப்புகளைக் காணலாம். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கவரைத் தள்ளிய தடம் அது. கவர் போனால் பிடிப்பும் போகும். துருவும் பிடிப்பும் இரண்டு கணக்கு என்றாலும் திவாலாகும்போது சேர்ந்தே திவாலாகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. அந்தக் காற்றுக்குப் புதுக் கம்பமும் சாயும் என்பது உண்மை. நாள்பட்ட கவர் வெடிப்புள்ள கம்பத்துக்கு அவ்வளவு காற்றும் தேவைப்படாது.

பாலங்களில் இந்தப் பாடம் விலை கொடுத்து வாங்கப்பட்டது. 1985 டிசம்பரில் வேல்ஸ் நாட்டில் 1953-ல் கட்டிய இனிஸ்-அ-குவாஸ் பாலம், எந்த வண்டியும் மேலே இல்லாத நேரத்தில், தானே விழுந்தது. துண்டுகளுக்கு இடையிலான இணைப்புகளில் புகுந்த உப்புநீர் கேபிள்களை அரித்திருந்தது. ஏழு மாதம் கழித்து, 1986 ஜூலை 5 அன்று கோவாவின் பணஜியில் மாண்டவி ஆற்றுப் பாலம் விழுந்தது. வயது சுமார் 16தான். காரணம் அதே கேபிள் துரு. இரண்டும் பின்னர் இழுத்த கேபிள்கள். சுற்றியிருந்த கூழும் கவரும் காவல் காக்கத் தவறிய இடங்கள்.

மாண்டவி விழுந்தபோது ராமேஸ்வரத்துக்கான பாம்பன் சாலைப் பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. 1974-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய பாலம், 2.345 கி.மீ. நீளம், நாட்டிலேயே உப்புக்காற்று மிக மோசமாகத் தாக்கும் இடங்களில் ஒன்று. 1988 அக்டோபர் 2 அன்று, ஃபிரேசினே விண்ணப்பம் கொடுத்து அறுபது வருஷம் நிறைந்த அதே தேதியில், ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்தார். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பாம்பனுக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் உப்புக்காற்றில் உலோகங்களை வைத்துப் பார்க்கும் நிலையம் நடத்துகிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு என்ன பூசினால் எவ்வளவு காலம் தாங்கும் என்ற ஆராய்ச்சியில் அது பெயர் பெற்றது. அங்கும் ஒரு சிக்கல் எழுந்தது: துருவைத் தடுக்கப் பூசுவது பிடிப்பைக் கெடுத்துவிடக் கூடாது. ஐ.எஸ். 1343-ன் 2012 பதிப்பு, கட்டுமானம் எந்தச் சூழலில் நிற்கிறது என்பதைப் பார்த்துக் கவரைக் கூட்டச் சொல்லியது. பிடிப்புக்கென்று ஏழிழை ஸ்ட்ராண்டின் விட்டத்தோடு கவரைக் கட்டுவது வடிவமைப்பாளர் கவனத்துக்கு விட்ட வேலையாகவே நின்றது.

புத்தகத்தில் எந்த எண் இருந்தாலும் அது கான்கிரீட்டில் வருவது காஸ்டிங் யார்டில் வேலை செய்பவர் கையில். 20 மி.மீ. இடைவெளிக்குள் 20 மி.மீ. ஜல்லி போகாது, மாட்டிக்கொண்டு கீழே பொந்து விடும். சின்ன ஜல்லி வேண்டும், வைப்ரேட்டர் ஊசி அச்சின் மூலை வரை போய்வர வேண்டும். கவர் பிளாக் ஒன்று நழுவினால் அந்த இடத்தில் கவர் பாதியாகும். அச்சுக்குத் தடவும் ஆயில் ஸ்ட்ராண்டில் தெறித்தால் அந்த நீளத்துக்குப் பிடிப்பு கிடையாது. லேசாகச் செந்நிறம் பூத்த ஸ்ட்ராண்டைக் கண்டு புது ஆள் பதறுவார். பழகிய ஃபோர்மேன் துணியால் தேய்த்துப் பார்த்து, குழி விழாமல் இருந்தால் விட்டுவிடுவார், ஏனென்றால் சொரசொரப்பு பிடிக்கு நல்லது. மேல்வரிசை ஸ்ட்ராண்ட் கீழ்வரிசையைவிடச் சற்று இளக்கமாகவே பிடிக்கும். குத்தும்போது மேலே ஏறிய தண்ணீர் அதன் அடியில் தங்கிவிடுவதால்.

சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் இந்த முறையைக் கம்பம், ஸ்லீப்பர் அளவிலிருந்து தூக்கி நகரத்தின் தலைக்கு மேல் கொண்டுவந்தது. ரயில் உள்ளே ஓடும் தொட்டி வடிவ யூ-கர்டர்களை நகருக்கு வெளியே உள்ள முற்றங்களில், ஸ்ட்ராண்டுகளை முன்கூட்டி இழுத்து, ஒரே வார்ப்பாக எடுத்து, இரவில் லாரியில் கொண்டுவந்து தூண்களில் அமர்த்துகிறார்கள். ஒரு கர்டர் நூறு டன்னைத் தாண்டும். இத்தனை ஸ்ட்ராண்டும் ஒரே இடத்தில் விறைப்பை இறக்கினால் முனை தாங்காது என்பதற்காக, சிலவற்றுக்கு முனையில் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, அந்த நீளத்துக்குப் பிடிப்பே இல்லாமல் செய்வது இத்தகைய கர்டர்களில் வழக்கம். பிடிப்பை உண்டாக்கக் கற்றவர்கள் வேண்டிய இடத்தில் அதை நிறுத்தி வைக்கவும் கற்றிருக்கிறார்கள்.

ஐ.ஐ.டி. மெட்ராசில் ராதாகிருஷ்ண பிள்ளை, அம்லன் சென்குப்தா குழுவினர் விறைப்பு முழுசாக ஏற உலகத் தரநிலைகள் சொல்லும் தூரங்களைச் சோதனை அளவுகளோடு ஒப்பிட்டு 2018-ல் கட்டுரை வெளியிட்டார்கள். 50 மடங்கா, 30 மடங்கா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. தூரத்தைக் குறைத்துச் சொன்னால் முனைப்பக்கம் இல்லாத அழுத்தத்தை இருப்பதாக நம்பி வடிவமைத்துவிடுவோம்; கூட்டிச் சொன்னால் விடும் நேரத்தில் முனையில் வரும் வெடிப்பு விசையைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம். இரண்டு பக்கமும் பத்திரமான ஒரே எண் கிடையாது என்பதால் அளந்து பார்ப்பதே வழி. அதற்குச் சோதனைக்கூடம் தேவையில்லை. ஸ்ட்ராண்டை வெட்டியதும் முனை கான்கிரீட்டுக்குள் எவ்வளவு இழுத்துக்கொண்டது என்று ஆழம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தால் போதும். வழக்கமான விறைப்புக்கு 381 மி.மீ. தூரம் என்றால் உள்வாங்கல் ஒன்றேகால் மில்லிமீட்டர், 635 மி.மீ. என்றால் இரண்டுக்குச் சற்று மேல். மூன்று, நான்கு என்று காட்டினால் தர ஆய்வாளர் அந்த ஸ்ட்ராண்டைச் சாக்பீசால் வட்டமிட்டு, வைப்ரேட்டர் போட்டவரைக் கூப்பிட்டு, கான்கிரீட் கலவைச் சீட்டையும் கேட்பார். சரியாக இருந்தால் குழியைத் துடைத்து எபாக்சி பூசி, கர்டரின் நம்பரை எழுதி அடுத்த படுகைக்குப் போவார்.